பனிக்கட்டிக்கு அடியில் ஒரு கண்

ஹட்டனில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மூத்த மகன் கனடாவில், ரொறன்ரோ நகரில் மனைவி மக்களோடு வாழ்கிறார். ஒரு ஜனவரி மாதம் அவர் தாயாரின் கைத்தொலைபேசிக்கு ஒரு சிறு படம் அனுப்பியிருந்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளி. நடுவில் ஒரு சின்னக் கூடாரம். அதற்குள்ளே பிளாஸ்டிக் முக்காலியில் மகன். அவருடைய காலடியில் சோற்றுப் பானையின் வாயளவு ஒரு துளை. கையில் ஒரு முழத் தூண்டில். பக்கத்தில் ஒரு சின்னஞ்சிறு தொலைக்காட்சிப் பெட்டி. அவர் துளையைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயார் கண்ணாடியைச் சரிசெய்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்:

"டீவி பாக்கவா இவன் ஐஸ் மேல போய்க் குந்திக்கிட்டு இரிக்கான்?"

வீடே சிரித்தது. தாயார் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வியும் கேட்டார்: "அந்த ஐஸ் ஒடஞ்சா?"

இதற்கு அங்கிருந்த எவரிடமும் பதில் இருக்கவில்லை. மருமகள் பேச்சை மாற்றித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்தத் தாயாரின் இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் ஏனைய தாய்மாருக்கும் இது உதவக் கூடும். தேடிப் போன வழியில் நம் மலைநாட்டு நீர்த்தேக்கங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டியதாயிற்று.

நுவரெலியா ஏரி ஏன் உறைவதில்லை?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில அதிகாலைகளில் புல் மீதும் மரக்கறித் தோட்டங்கள் மீதும் துகள் உறைபனி வெள்ளை வெளேர் என்று படிந்திருக்கும். சுற்றுலா வந்தவர்களுக்கு அது வேடிக்கை. தோட்டத்து மக்களுக்கோ அது வேதனை. வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். உருளைக்கிழங்குச் செடி வாடிவிடும். கொழுந்து இல்லையென்றால் வேலை நாளும் குறையும்.

ஆனால் அதே காலையில் கிரகரி ஏரியில் சிறு அலை அடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873ஆம் ஆண்டு உருவான ஏரி அது. புல்லின் மேல் உறையும் பனி ஏரியை ஏன் உறைய வைப்பதில்லை? புல் ஓர் இரவில் குளிர்ந்துவிடும். பெரிய நீர்ப்பரப்புக்கு ஓர் இரவு போதாது. பூச்சியத்துக்குக் கீழான குளிர் பகலும் இரவுமாகப் பல நாள் நீடிக்க வேண்டும். நுவரெலியாவில் சூரியன் வந்ததும் குளிர் ஓடிவிடுகிறது. கனடாவிலோ அது மாதக் கணக்கில் குடியிருக்கிறது.

தேங்காயெண்ணெய்யும் ஐஸும்

"மேலே இப்படி உறைந்தால் உள்ளே மீன் செத்துப் போகாதா?" என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது, சகோதரிகளே!

மலைநாட்டு வீடுகளில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் காலையில் வெள்ளையாக உறைந்திருக்கும். அதை வெந்நீரில் வைத்து உருக்கும்போது கவனித்துப் பாருங்கள். உருகாத எண்ணெய்க் கட்டி அடியில் கிடக்கும், உருகியது மேலே நிற்கும். பெரும்பாலான பொருட்களின் இயல்பு இதுதான். உறைந்தால் பாரம் கூடி அடிக்குப் போகும். தண்ணீரோ நேர்மாறு. ஐஸ் கட்டியைக் குவளையில் போட்டால் மிதக்கிறது அல்லவா?

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் இலேசாகி மேலே வந்து, மேலேயே உறைந்துவிடும். அடியில் 4 பாகை நீர் அப்படியே தங்கும். மேலே உறைந்த ஐஸ் ஒரு கம்பளிப் போர்வைபோல உள்ளே இருப்பதைக் காக்கிறது. தண்ணீரும் தேங்காயெண்ணெய்யைப்போல அடியிலிருந்து உறையுமானால், குளிர் நாட்டு ஏரிகளில் ஒரு மீன்கூட மிஞ்சியிருக்காது. படைத்தவனின் ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அந்த மீன்கள் சோர்ந்திருக்கும். அதிகம் அலையமாட்டா, அதிகம் உண்ணமாட்டா. பெரும்பாலும் ஆழத்தில் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். ஆகவே ஐஸில் எங்கே துளையிடுவது என்பதுதான் பெரிய பிரச்சினை. பத்து அடி தள்ளித் துளைத்தால் நாள் முழுக்கக் குளிரில் விறைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். துளையின் மேல் குப்புறப் படுத்து, தலைக்கு மேல் தோலையோ போர்வையையோ போர்த்தி வெளிச்சத்தை மறைப்பார்கள். அப்போது கீழே உள்ள நீர் தெளிவாகத் தெரியும். பொய் மீன் ஒன்றை நூலில் ஆட்டி, தேடி வரும் மீனை ஈட்டியால் குத்துவார்கள். அந்தக் காலத்தில் அவர்களின் கண்ணே கமரா!

காதால் பார்க்கும் கருவி

ரொறன்ரோ மகனின் பக்கத்தில் இருந்த பெட்டிக்குச் 'சோனார்' என்று பெயர். அது ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி. மலைப் பாதையில் நின்று பிள்ளைகள் "ஓ!" என்று கத்தினால் எதிர் மலை திருப்பிக் கத்துகிறதே, அதே சங்கதிதான்.

துளைக்குள் இறக்கிய சிறு உறுப்பு, நம் காதுக்குக் கேட்காத ஒலியைத் துடிப்புத் துடிப்பாகக் கீழே அனுப்புகிறது. குளிர்ந்த நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் வேகத்தில் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்கு. 14 மீற்றர் ஆழத்தில் ஒரு மீன் இருந்தால் ஒலி போய்த் திரும்ப 28 மீற்றர். அதற்கு ஒரு வினாடியில் 50இல் ஒரு பங்கு நேரம் போதும். எதிரொலி வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணித்து, கருவி ஒரு கோடு போட்டுக் காட்டும். எதிரொலியின் வலுவுக்கு ஏற்பக் கோட்டின் நிறமும் மாறும்.

மீனின் உடல் பெரும்பாலும் தண்ணீர்தானே, ஒலி எதில் பட்டுத் திரும்புகிறது? மீன் அறுக்கும் சகோதரிகளுக்கு இது தெரிந்த விடயம். குடலை எடுக்கும்போது வெள்ளைப் பலூன்போல ஒரு பை வருமே, அதுதான் காற்றுப்பை. நீரில் போகும் ஒலி காற்றைக் கண்டால் பளாரென்று திரும்பும். நாம் குப்பையில் எறியும் அந்தப் பையே மீனைக் காட்டிக் கொடுக்கிறது.

இந்தக் கருவி மீனுக்காகப் பிறந்ததல்ல. 1912இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, நீருக்குள் தடை இருப்பதை முன்கூட்டி அறியும் முயற்சிகள் தீவிரமாயின. 1914இல் ரெஜினால்ட் ஃபெசண்டன் எதிரொலியால் ஒரு பனிப்பாறையைக் கண்டறிந்து காட்டினார். முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காகப் பிரான்ஸின் போல் லாஞ்செவன் இதை மேலும் வளர்த்தார். 1948இல் ஜப்பானின் நாகசாக்கிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் அதை மீன் தேடும் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். போருக்குப் பயன்பட்டது பசிக்கும் பயன்பட்டது.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. நோர்வே நாட்டின் 'டொக்டர் ஃபிரிஜொஃப் நான்சன்' என்ற ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரையிலும் பின்னர் 2018இலும் இலங்கைக் கடலில் மீன்வளத்தை எதிரொலியால் அளந்து சென்றது.

கமரா எதற்கு?

சோனார் காட்டுவது வெறும் கோடு. அது என்ன மீன், பெரிதா சிறிதா, தூண்டிலைப் பார்த்து என்ன செய்கிறது என்பது தெரியாது. அதற்குத்தான் நீருக்குள் இறக்கும் கமரா. நீரின் கீழ் புகைப்படம் எடுப்பது புதிதல்ல. 1893இலேயே லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பெரிய பெட்டிக்குள் கமராவை அடைத்துக் கடலுக்குள் கொண்டுபோனார். இன்று அது கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீனுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குப் பொருத்திய கமராக்களும் உண்டு.

மீன் வருகிறது, இரையை முகர்கிறது, வேண்டாம் என்று திரும்பிப் போகிறது. இத்தனையும் படத்தில் தெரியும். குளிர் கால மீன் கவ்வுவது கைக்கே தெரியாத அளவு மெதுவானது. ஆகவே கையை நம்பாமல் கண்ணை நம்புகிறார்கள். அந்தத் தாயாரின் முதற் கேள்விக்கு விடை இதுதான். மகன் டீவிதான் பார்க்கிறார், ஆனால் அதில் ஓடுவது அவருடைய காலடியில் நடக்கும் கதை!

கமராவுக்கு ஒரு பலவீனம் உண்டு. நீர் தெளிவாக இருக்க வேண்டும். ஐஸ் மூடிய ஏரியில் காற்றும் அலையும் இல்லாததால் பல இடங்களில் நீர் நன்கு தெளிந்திருக்கும். மழைக் காலத்தில் நம் மஸ்கெலியாப் பக்கத்து நீரோ, மண் கரைந்து பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அங்கே கமராவை இறக்கினால் ஒரு சாண் தூரம்கூடத் தெரியாது. சோனாருக்குக் கலங்கல் ஒரு தடையே அல்ல.

"அந்த ஐஸ் ஒடஞ்சா?"

இனி இரண்டாவது கேள்வி. தாயார் பயந்தது தவறே அல்ல. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய பயணத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. குளிர் காலத்தில் ஐஸ் மீன்பிடிக்குப் பெயர்பெற்ற இடம். 14 மீற்றர் ஆழத்து மீனைக் காட்டும் கருவி, காலுக்குக் கீழே ஐஸ் எத்தனை அங்குலம் என்று சொல்லாது. அதைத் துளைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

தெளிவான, நீல நிறமான ஐஸ் உறுதியானது. வெள்ளை ஐஸ் அதில் பாதி வலுதான். சாம்பல் நிறமாக இருந்தால் கால் வைக்கவே கூடாது. ஒருவர் நடப்பதற்கு 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்பது கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. ஓடும் நீருள்ள இடத்திலும் ஆற்று முகத்திலும் ஐஸ் மெல்லியதாக இருக்கும். குளிர் காலத்தின் தொடக்கமும் முடிவுமே மிக ஆபத்தான நாட்கள்.

கனடாவில் பிள்ளை இருக்கும் தாய்மார் தொலைபேசியில் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: தனியாகப் போகிறாயா? மிதக்கும் அங்கி அணிந்திருக்கிறாயா? விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறும் ஆணிப் பிடிகள் கழுத்தில் உண்டா? கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் காற்றுப் போக வழி விட்டிருக்கிறாயா?

கடைசிக் கேள்வி நமக்கும் உரியது. அடைத்த இடத்தில் எரியும் அடுப்பு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க முடியாது. நுவரெலியாக் குளிரில் கரி மூட்டிய சட்டியை அறைக்குள் கொண்டுவந்து, கதவு யன்னலை அடைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து இன்றோடு அதை நிறுத்துங்கள். இன்னொரு போர்வை போதும்.

நம் வீட்டு வாசலில் உள்ள நீர்

ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கம் போனால் காசல்ரி நீர்த்தேக்கம். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டப்பட்டது. மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுஸ்ஸாக்கலை அணை 1969இல் எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடத்தின் எச்சங்களும் சுவர்களும் வெளியே தெரியும். ஊர் மக்கள் போய்ப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வருவார்கள்.

இவை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. ஆயினும் நீர் இருந்தால் மீன் இருக்கும். 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் குளங்களின் சொந்த மீன்போல ஆகிவிட்டது. கெண்டை இனங்களும் விடப்பட்டன. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காக 1880களில் நுவரெலியா ஓடைகளில் விட்ட 'டிரவுட்' மீனின் வழித்தோன்றல்களை ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் இன்றும் காணலாம். துரைமாருக்குத் தூண்டில் விளையாட்டு. தோட்டத்துத் தொழிலாளிக்கு மீன் ஒரு நேரக் கறி.

இந்த ஒரு நேரக் கறி அற்ப விடயமல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப் புறத்தில் மட்டும் அது 31.7 வீதம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை! கடல் மீன் மலையேறி வருவதற்குள் ஐஸும் கூலியும் சேர்ந்து விலை ஏறிவிடுகிறது. லயத்துக்குக் கீழேயே நீர் கிடக்க, மேலே பிள்ளை வளராமல் இருப்பது வேதனைக்குரியது.

1990இல் அன்றைய அரசு சமயக் காரணம் காட்டி நன்னீர் மீன்பிடிக்கு வழங்கிவந்த உதவியை நிறுத்தியது. 1994இல் அது மீண்டும் தொடங்கியது. தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டம் 1998இல் வந்தது. அது மீன் குஞ்சுகளை வளர்த்து நீர்த்தேக்கங்களில் விடுகிறது.

இங்கே சோனாருக்கு உண்மையான வேலை இருக்கிறது. மீன் பிடிப்பதற்கு அல்ல, அளப்பதற்கு. ஒரு வள்ளத்தில் கருவியைப் பொருத்திக் குறுக்கும் நெடுக்குமாகப் போனால், எவ்வளவு ஆழம், எவ்வளவு சேறு படிந்திருக்கிறது, மீன் கூட்டம் எங்கே என்று கணக்கெடுக்கலாம். சரிவுகளிலிருந்து மழை கழுவிக்கொண்டு வரும் மண்ணெல்லாம் கடைசியில் சேர்வது இந்த நீர்த்தேக்கங்களில்தான். அடியில் சேறு ஏறினால் நீருக்கு இடம் குறையும், மின்சாரமும் குறையும்.

எல்லாம் தெரிந்துவிட்டால்?

2018இல் கார்மின் நிறுவனம் புதுவகைச் சோனார் ஒன்றை வெளியிட்டது. மீன் நீந்துவதை அந்தக் கணமே அசையும் படமாகக் காட்டுவது அது. அதன் பிறகு அமெரிக்காவில் மீனவர்களுக்கிடையிலேயே விவாதம் எழுந்தது. "இது மீன்பிடியா, அல்லது மீன் பொறுக்குவதா?" என்று பழையவர்கள் கேட்கிறார்கள். சில மீன்பிடிப் போட்டிகளில் அதற்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. கனடாவில் அனுமதிப் பத்திரம் வேண்டும், ஒரு நாளில் ஒருவர் இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்ற கணக்கும் உண்டு. கருவி வளர வளரக் கணக்கும் இறுக வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் நீர்த்தேக்கத்தில் 8.5 சென்ரிமீற்றரை விடச் சிறிய கண் கொண்ட செவுள் வலை போடுவது சட்டப்படி தடை. ஏன் தெரியுமா? பெண் திலாப்பியா முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அது சரியாக இரைகூட எடுப்பதில்லை. ஆபத்து வந்தால் குஞ்சுகள் ஓடிவந்து தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். கருவிக்கு அவள் ஒரு கோடு, சின்னக் கண் வலைக்கு இன்னொரு மீன். அவள் ஒரு தாய் என்பது மனிதனுக்குத்தான் தெரிய வேண்டும்.

சந்தையில் விரலளவு மீனைக் குவித்து மலிவாக விற்றால் வாங்காதீர்கள். இன்று நாம் வாங்கும் ஒரு கிலோ குஞ்சு, அடுத்த ஆண்டு நம் பிள்ளையின் தட்டில் இல்லாமற்போகும் பல கிலோ மீன். வலை விற்பவனைத் தடுக்க நம்மால் முடியாது. சட்டிக்கு எது போகலாம் என்பதை முடிவு செய்பவர்கள் நாம்தானே!

இன்னொன்று. மின்சாரத் தேவைக்கேற்ப இந்த நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் ஏறி இறங்கும். நேற்று முழங்காலளவு இருந்த கரை இன்று இடுப்பளவு சேறாக இருக்கும். விடுமுறை நாட்களில் தூண்டிலும் வாழைத் தண்டுத் தெப்பமுமாகப் போகும் பையன்களைக் கண்டித்து வையுங்கள். சிம்கோ ஏரியின் ஐஸுக்கும் காசல்ரியின் சேற்றுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. இரண்டும் மேலே உறுதியாகத்தான் தோன்றும்.

சமையலறைக்கு ஒரு குறிப்பு

நீர்த்தேக்க மீனில் மண் வாடை அடிக்கிறது என்று பல சகோதரிகள் ஒதுக்குகிறார்கள். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி எடுங்கள். செவுளை முழுதாக அகற்றுங்கள். உப்பும் தேசிக்காய்ச் சாறும் பூசிக் கால் மணித்தியாலம் வைத்துக் கழுவுங்கள். புளிப்பு அந்த வாடையைக் குறைக்கும். பிறகு கொறக்காய் போட்டு, மிளகு தூக்கலாக ஆணம் வையுங்கள். பிள்ளைகள் மறு சோறு கேட்பார்கள்.

இத்தனையும் அறிந்த பிறகு மறுபடி அந்த ஹட்டன் வீட்டுக்குப் போயிருந்தோம். தாயாரிடம் சோனார் கதையையும் ஐஸின் கணக்கையும் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்று இரவு மகன் பேசியபோது அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மகன், தண்ணிக்கு அடியில இரிக்கிறதப் பாத்தது போதும். கால் வெக்கிற எடத்தயும் பாத்து வெய்யி. ரெண்டு மீன் கெடச்சா எழும்பி ஊட்டுக்குப் போ. பிள்ளைகள் பாத்துக்கிட்டு இரிக்கும்."